நவம்பரில் வட நார்வே: குளிரை விடுங்கள், காற்றைக் கேளுங்கள்

நார்வேயின் வட கோடியில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில், அக்டோபர் முடிந்ததும் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"அங்க இப்ப எவ்வளவு குளிர்?"

"ரெண்டு டிகிரி."

"மைனஸோ?"

"இல்லை, பிளஸ். மழை பெய்யுது."

கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, 70 டிகிரி வட அட்சரேகையில் இருந்துகொண்டு மழை என்கிறாரே! ஆனால் அவர் சொன்னது உண்மை. அந்தக் கரையின் பெரிய நகரமான ட்ரோம்சோவின் வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை மைனஸ் 18.4 டிகிரி, அதுவும் 1966 பிப்ரவரியில். அட்சரேகைக் கணக்கில் 3,000 கிலோமீட்டர் தெற்கே இருக்கிற சிகாகோ 1985 ஜனவரியில் மைனஸ் 32ஐத் தாண்டியது. குளிர் எவ்வளவு என்று பார்த்தால் ட்ரோம்சோ தோற்றுப்போகும்.

அதனால் அந்தக் கரையின் பின் இலையுதிர்கால வானிலையைப் புரிந்துகொள்ள, "எவ்வளவு குளிர்" என்ற கேள்வி அதிகம் உதவாது. "காற்று எந்தப் பக்கமிருந்து" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். மீதிப் பாதி, வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலேயா கீழேயா என்பதில் இருக்கிறது. எத்தனை டிகிரி மேலே, எத்தனை டிகிரி கீழே என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கரை ஏன் இவ்வளவு மிதமாக இருக்கிறது என்றால், வளைகுடா நீரோட்டம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வரும். தப்பில்லை, ஆனால் முழுக் கதையும் அது இல்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து கிளம்பும் வெதுவெதுப்பான நீர், வட அட்லாண்டிக் நீரோட்டமாக மாறி, நார்வேயின் கரையோரமாக மேலே ஏறி, நார்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கே இருக்கிற பேரண்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது. ஆனால் நீர் மட்டும் சூடாக இருந்தால் போதுமா? அந்தச் சூட்டை அள்ளிக் கரைக்குக் கொண்டுவர ஒரு காற்று வேண்டும். அட்லாண்டிக்கில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் காற்றழுத்தத் தாழ்வுகளின் தென்மேற்குக் காற்று அந்த வேலையைச் செய்கிறது. நீரும் காற்றும் சேர்ந்துதான் ஹம்மர்ஃபெஸ்ட், வார்தோ துறைமுகங்களை ஆண்டு முழுக்கப் பனிக்கட்டி இல்லாமல் வைத்திருக்கின்றன. இன்னும் கிழக்கே, முதல் உலகப் போரின் நடுவில் 1916இல் ரஷ்யா மூர்மன்ஸ்க் நகரத்தை நிறுவியதற்கும் காரணம், அங்கேயும் குளிர்காலத்தில் கப்பல் வந்துபோக முடியும் என்பதுதான்.

கடலை விட்டு உள்ளே போனால் நிலைமை தலைகீழ். ஃபின்மார்க் மாநிலத்தின் உள்பகுதி ஒரு பெரிய பீடபூமி. அங்கே இருக்கிற காராஷோக், சாமி எனப்படும் வட ஸ்காண்டிநேவியப் பூர்வகுடி மக்களின் ஊர்; அங்கே 1886 ஜனவரி 1ஆம் தேதி மைனஸ் 51.4 டிகிரி பதிவானது. நார்வேயின் சாதனை இன்றுவரை அதுதான். காராஷோக்கிலிருந்து கடல் தொடும் லாக்செல்வ் ஊர் வெறும் 75 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரப் பயணம். நவம்பரில் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. நிலம் சீக்கிரம் ஆறிவிடுகிறது, கடல் ஆற மாட்டேன் என்கிறது. பின் இலையுதிர்காலத்தில் இந்தக் கரையில் நடக்கிற கூத்தெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியிலிருந்து வருவதுதான்.

சூரியன் இந்தச் சண்டையில் கலந்துகொள்வதில்லை. ட்ரோம்சோவில் நவம்பர் 27 வாக்கில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே போனால் ஜனவரி நடுவில்தான் திரும்பி வரும். சுற்றிலும் மலை என்பதால் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வாரம் முன்னாலேயே காணாமல் போய்விடும். அதற்கு முந்தைய வாரங்களில் பகல் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கும் மேல் தேய்கிறது. இருளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். வானிலைக் கணக்கில் அதன் விளைவு வேறு. சூரியன் சூடாக்காதபோது பகல் வெப்பநிலை, இரவு வெப்பநிலை என்ற பேச்சுக்கே பொருளில்லாமல் போகிறது. நள்ளிரவில் காற்று திசை மாறி, பகல் 12 மணியைவிட விடியற்காலை 3 மணி ஐந்து டிகிரி வெதுவெதுப்பாக இருப்பது சர்வசாதாரணம். "மத்தியானம் கொஞ்சம் சூடாகும், அப்போ வெளியே போகலாம்" என்று வெப்பநாட்டில் பழகிய மூளை போடும் கணக்கு நவம்பரில் அங்கே செல்லாது.

சரி, காற்றுக்கு வருவோம்.

தென்மேற்குக் காற்று என்றால் மழை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் மேல் வந்த ஈரமும் சூடும் மலையில் மோதி இறங்கும். ட்ரோம்சோவுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,000 மில்லிமீட்டர் அளவில் மழையும் பனியும் கிடைக்கின்றன, அதில் அக்டோபர்தான் பொதுவாக அதிக ஈரமான மாதம். தெருவில் ஒரு வாரமாகக் கிடந்த பனி ஒரே இரவில் கரைந்து ஓடும்.

தென்கிழக்கு என்றால் பீடபூமியின் குளிர் கீழே வழிகிறது என்று அர்த்தம். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் தண்ணீர் ஓடுவதுபோல அது பள்ளத்தாக்குகள் வழியாக இறங்கி, மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடற்கைகளான ஃபியோர்டுகளின் வாயில் கடலைத் தொடும். வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிவாக இருக்கும், வட துருவ ஒளி பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம். உறைநிலைக்கு வெகு கீழே இருக்கும் அந்தக் காற்று 5, 6 டிகிரியில் இருக்கும் கடல் நீரைத் தொட்டதும், அடுப்பில் வைத்த பானை மாதிரி கடலின் மேல் ஆவி எழும். அந்த ஆவிக்கு நார்வேக்காரர்கள் வைத்த பெயரை அப்படியே தமிழில் சொன்னால் உறைபனிப் புகை.

வடக்கு, வடமேற்குக் காற்றுதான் மூவரில் பொல்லாதது. நார்வேக்கு வெகு வடக்கே இருக்கிற ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் உள்ள பனிக்கட்டிப் பரப்பிலிருந்து கிளம்பும் காற்று, திறந்த கடலுக்கு வந்ததும் கீழிருந்து சூடேறி, ஈரம் குடித்து, கொதிக்கத் தொடங்குகிறது. குவியல் குவியலாக மேகம் எழும்பி, கரையை அடையும்போது பனியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும், எப்போதாவது மின்னலும் இருக்கும். பத்து நிமிடம் முன்னே போகிற காரின் பின்விளக்கு தெரியாது, அடுத்த பத்து நிமிடம் நட்சத்திரம் தெரியும், பிறகு மறுபடியும் கொட்டும். இந்த மாதிரி நாளில் முன்னறிவிப்பில் "பனிப்பொழிவு, 3 மில்லிமீட்டர்" என்று போட்டிருந்தால், அது உங்கள் தெருவுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகலாம், அடுத்த தெருவுக்கு முழங்காலளவும் ஆகலாம்.

இங்கே ஒரு சின்னத் தொல்லை. தமிழில் பனி என்றால் புல்லில் நிற்கும் துளியும் பனிதான், மார்கழி மூட்டமும் பனிதான், வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனிதான். நமக்கு அது போதும். ஆனால் ஃபின்மார்க்கில் விழும் பனிக்கும் தரையில் இறுகிய பனிக்கட்டிக்கும் உள்ள வித்தியாசம், நடந்துபோகிறவரின் இடுப்பெலும்பு சம்பந்தப்பட்டது. ஆகவே இந்தக் கட்டுரையில் பனி என்றால் மேலிருந்து விழுவது, பனிக்கட்டி என்றால் வழுக்குவது என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வடக்குக் காற்றின் வயிற்றில்தான் துருவத் தாழ்வுகள் பிறக்கின்றன. கடல் மேற்பரப்பு 5 டிகிரி, அதற்கு மேலே 5 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மைனஸ் 40. இப்படி 40 டிகிரிக்கும் மேல் வித்தியாசம் வரும்போது வளிமண்டலம் நிலைகுலைகிறது. சில நூறு கிலோமீட்டர் மட்டுமே அகலமுள்ள ஒரு சின்னச் சுழல் திடீரென்று உருவாகி, சில மணி நேரத்தில் புயல் வேகம் பிடித்து, கரையேறியதும் ஒரு நாளுக்குள் செத்துப்போகும். செயற்கைக்கோள் படத்தில் சிலவற்றுக்கு நடுவில் கண் கூடத் தெரியும், நம் வங்கக் கடல் புயலின் குட்டி மாதிரி. கடலின் சூட்டைத் தின்று வளர்வதில் இரண்டும் உறவுதான். நார்வேக் கடலிலும் பேரண்ட்ஸ் கடலிலும் ஒரு குளிர்காலத்தில் ஒரு டஜன் வாக்கில் இவை வரலாம். அக்டோபரில் ஆரம்பித்து மே வரை காலம் உண்டு, நெருக்கம் டிசம்பருக்கு அப்புறம். ஆக நவம்பர் என்பது கதவு திறக்கும் மாதம்.

இவற்றின் கொடுமை வேகத்தில் இல்லை, அறிவிப்பில்லாமல் வருவதில் இருக்கிறது. பெரிய அட்லாண்டிக் புயலை நான்கைந்து நாள் முன்பே வரைபடத்தில் பார்த்துவிடலாம். துருவத் தாழ்வு காலையில் இருக்காது, மாலையில் இருக்கும். கடலில் அளவெடுக்கும் நிலையங்கள் மிகக் குறைவு என்பதால் செயற்கைக்கோள் வரும்வரை இவை வானிலை ஆய்வாளர்களின் வரைபடத்துக்குள் சரியாக அகப்பட்டதே இல்லை. திடீரென்று கடல் எழும்பும் என்று மீனவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படித் தெரிந்தது ஒரு காலத்தில் எங்கே போய் முடிந்தது என்பதற்கு வார்தோவில் சாட்சி இருக்கிறது. 1617 டிசம்பர் 24 அன்று அந்தக் கரையில் திடீரென்று எழுந்த புயலில் பத்துப் படகுகளும் 40 மீனவர்களும் போனார்கள். அது எந்த வகைப் புயல் என்று இன்று சொல்ல வழியில்லை. அன்றைக்கு ஊருக்கு விடை கிடைத்துவிட்டது: பெண்கள் சிலர் மந்திரத்தால் எழுப்பிய காற்று அது. சில ஆண்டுகள் கழித்து நடந்த விசாரணையில், கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துப் புயல் வரவழைத்ததாக வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஃபின்மார்க்கில் சூனியக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 91 பேர். வார்தோவில் 2011இல் திறந்த நினைவிடம் அவர்களுக்காகத்தான். முன்னறிவிப்பு இல்லாத ஊரில் புயலுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

கணக்குப் போட்டுக் காற்றைச் சொல்லும் வழியைக் கண்டுபிடித்ததிலும் நார்வேக்குப் பெரிய பங்கு உண்டு. 1917இல் வில்ஹெல்ம் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் பெர்கன் நகருக்கு வந்து ஒரு குழுவைச் சேர்த்தார். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்துவிடாமல் ஒரு எல்லையில் முட்டிக்கொள்கின்றன, அந்த எல்லையில்தான் தாழ்வுகள் உருவாகின்றன என்று அவருடைய மகன் யாகோபும் மற்றவர்களும் காட்டினார்கள். போர் நடந்த காலம் என்பதால் அந்த எல்லைக்குப் போர்முனை என்ற பெயரையே வைத்தார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க வானிலை வரைபடங்களில் முக்கோணமும் அரைவட்டமுமாக வரையப்படும் கோடுகள் அவைதான். பெர்கனில் உட்கார்ந்து வடக்கைப் பார்ப்பது போதாது என்று ட்ரோம்சோவிலும் முன்னறிவிப்பு மையம் வந்தது.

ஆனால் மையம் இருந்தால் மட்டும் ஆகாது, கடல் நடுவே யாராவது நின்று பார்க்க வேண்டும். நார்வேக் கடலில் 66 டிகிரி வடக்கில் 1948 முதல் 2009 இறுதி வரை ஒரே இடத்தில் எப்போதும் ஒரு கப்பல் நின்றது. வேலை: பலூன் விடுவது, அளவெடுப்பது, அனுப்புவது. அங்கே கடைசியாக நின்றதுதான் உலகின் கடைசி வானிலைக் கப்பல். இன்று அந்தப் பொறுப்பைச் செயற்கைக்கோள்களும், கரடித் தீவு, யான் மாயென் தீவுகளிலிருந்து விடப்படும் பலூன்களும், ஆர்க்டிக்குக்கென்றே 2.5 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் கணினி மாதிரியும் பகிர்ந்துகொள்கின்றன. துருவத் தாழ்வை ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் முன்னதாக எச்சரிக்க முடிகிறது. எங்கே கரையேறும் என்பதில் இன்னமும் தடுமாற்றம் உண்டு.

எச்சரிக்கையில் வரும் சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்வே முன்னறிவிப்பில் அடிக்கடி வரும் சொல் கூலிங். தமிழில் எழுதினால் ஏசி விளம்பரம் மாதிரி இருக்கிறது, ஆனால் அதற்கும் குளிருக்கும் சம்பந்தமில்லை. நொடிக்குச் சுமார் 11 மீட்டரிலிருந்து 20 மீட்டர் வரையிலான பலத்த காற்றுக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு மேலே புயல், 32.7 மீட்டரைத் தாண்டினால் சூறாவளி. காற்றை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும் வழக்கம் அங்கே இல்லை. நம் கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால் 3.6ஆல் பெருக்கிக்கொள்ளலாம். மோசமான புயல்களுக்கு 1995 முதல் ஆண் பெயரும் பெண் பெயரும் மாறி மாறி வைக்கிறார்கள். 2011 நவம்பர் கடைசி வாரத்தில் வந்த பெரிட் அப்படி ஒன்று.

இப்போது பூஜ்ஜியத்துக்கு வரலாம். எனக்கு இந்தக் கரையின் நவம்பரில் மிகவும் அஞ்சத்தக்கதாகத் தோன்றுவது புயல்கூட இல்லை, பூஜ்ஜியத்தை மேலும் கீழுமாகத் தாண்டிக்கொண்டே இருக்கும் வெப்பநிலைதான். மைனஸ் 10இல் பனி கரகரப்பாக இருக்கும், காலணி பிடிக்கும், டயர் பிடிக்கும். பிளஸ் 5இல் தரை வெறும் ஈரம். பிளஸ் 1இல் மழை பெய்து மைனஸ் 1இல் அது இறுகி, அதன்மேல் மறுபடி ஒரு தூறல் விழுந்தால்? கண்ணாடித் தரையில் எண்ணெய் கொட்டியது மாதிரி. ட்ரோம்சோவின் நவம்பர் சராசரி பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. சராசரியாகப் பார்த்தால் சாதுவான எண். ஆனால் அந்த எண்ணை இரு பக்கமும் எத்தனை தடவை கடக்கிறது என்பதில்தான் எலும்பு முறிவுகளும் சாலை விபத்துகளும் இருக்கின்றன. ஆணி பதித்த டயரை வடக்கு மாநிலங்களில் அக்டோபர் 16 முதலே போட அனுமதி. தெற்கே நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். நடப்பவர்கள் காலணிக்கு அடியில் முள் பதித்த பட்டை மாட்டிக்கொள்கிறார்கள். மலைச் சாலைகளில் காற்று பனியை வாரியடிக்கும்போது தனியாக ஓட்ட விடமாட்டார்கள். பனி அள்ளும் வண்டி முன்னால் போக, கார்கள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும், அந்த வரிசைக்காகச் சில வேளை மணிக்கணக்கில் காத்திருப்பு.

மனிதர் வழுக்கி விழுந்தால் எழுந்துவிடுவார். கலைமானுக்கு அந்த ஈரம் குளிர்காலம் முழுக்கப் பகையாகிவிடும். சாமி மக்களின் மந்தைகள் கோடையில் கரையோரத்தில் மேய்ந்து, இலையுதிர்காலத்தில் பீடபூமிக்குத் திரும்புகின்றன. அங்கே பனிக்கு அடியில் இருக்கும் பாசியைக் குளம்பால் தோண்டித் தின்றுதான் அவை பிழைக்கின்றன. வறண்ட பனி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஓரளவு தோண்டிவிடும். ஆனால் நவம்பரில் முதல் பனியின்மேல் மழை பெய்து, அது இறுகித் தரையோடு பூட்டிவிட்டால், அந்தப் பூட்டு வசந்தம் வரை திறக்காது. தரையை மூடும் அந்தப் பனிக்கட்டித் தகட்டுக்கு சாமி மொழியில் தனிச் சொல்லே உண்டு, அப்படி மேய்ச்சல் பொய்த்துப்போகும் ஆண்டுக்கு இன்னொரு சொல் உண்டு. மேய்ப்பர்கள் தீவனம் வாங்கி வண்டியில் ஏற்றிப் போகிறார்கள். மார்ச்சில் வரும் செலவின் விதை நவம்பரில் பெய்த ஒரு நாள் மழையாக இருக்கலாம்.

இந்தக் கரையோடு தமிழருக்கு இருக்கும் உறவும் வானிலை வழியாகத்தான் போகிறது, மீன் வழியாக என்று சொன்னாலும் சரிதான். நார்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அறியப்படும் அந்தோனி ராஜேந்திரம் 1956இல் வந்தார். அவருடைய முயற்சியில் 1967இல் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் சீநோர் என்ற இலங்கை–நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கியது. பிறகு 1980களில் போரிலிருந்து தப்பி வந்த இளைஞர்கள் பலர், ஆள் கிடைக்காமல் தவித்த ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்து வெயிலிலிருந்து நேராகப் பேரண்ட்ஸ் கடலின் ஓரத்துக்கு. பின்னாளில் நிறையப் பேர் ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்தார்கள். வடக்கில் இருந்த காலத்தில் அவர்களுக்கும் முன்னறிவிப்பு என்பது குடை எடுப்பதா என்ற கேள்வியாக இருந்திருக்க முடியாது. வடக்குக் காற்று மூன்று நாள் நின்றால் படகு போகாது. படகு போகாவிட்டால் மீன் வராது, மீன் வராவிட்டால் ஆலையில் வேலை இல்லை. கரைவலைக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு புதிதாக இருந்திருக்காது, குளிர் மட்டும்தான் புதிது.

குளிரும் கடலும் சேர்ந்தால் படகுக்கு இன்னொரு ஆபத்து. காற்று மைனஸில் இருக்க, அலையின் தெறிப்பு மேல்தளத்திலும் கம்பிகளிலும் பட்ட இடத்திலேயே உறையும். அடுக்கடுக்காக ஏறும் அந்தப் பனிக்கட்டி சின்னப் படகின் தலையைக் கனமாக்கிக் கவிழ்த்துவிடும். அதனால் கடலோர எச்சரிக்கைகளில் இந்த உறைதெறிப்புக்கும் தனி இடம் உண்டு. ஆட்கள் மரச் சுத்தியலோடு தளத்தில் நின்று தட்டிக்கொண்டே இருந்த காலம் ஒன்று இருந்தது.

அப்படியானால் ஒரு பருவத்தை முன்கூட்டியே எவ்வளவு சொல்ல முடியும்? பலரும் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகத்தான். ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம் பருவக் கணிப்புக்கு ஒரே கணினி மாதிரியைச் சற்றுச் சற்று வேறுபட்ட தொடக்கங்களோடு 51 முறை ஓட்டுகிறது. அதில் முப்பது, முப்பத்தைந்து ஓட்டங்கள் இயல்பைவிட வெதுவெதுப்பு என்று காட்டினால், "வெதுவெதுப்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம்" என்கிறார்கள். பத்திரிகைத் தலைப்பில் அது "இந்த ஆண்டு குளிர் இல்லை" என்று மாறிவிடுகிறது. பாவம் அந்த மீதிப் பதினைந்து இருபது ஓட்டங்கள்.

வட நார்வேக் கரைக்கு வெப்பநிலையை மட்டும் ஓரளவு நம்பலாம். காரணம் கடல். செப்டம்பரில் கடல் இயல்பைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், நவம்பரிலும் அது பெரும்பாலும் சூடாகவே இருக்கும், பேரண்ட்ஸ் கடலின் பனிக்கட்டி எல்லையும் வடக்கே தள்ளி நிற்கும். காற்றும் மழையும் அப்படி இல்லை. வாரங்களுக்கு முன்னால் காற்றின் திசையைச் சொல்ல யாராலும் ஆகாது, அந்த ஊர் வானிலையே காற்றின் திசைதான் என்று மேலே பார்த்தோம். ஸ்காண்டிநேவியாவின் மேல் ஒரு உயரழுத்தம் வந்து குந்திக்கொண்டால், அட்லாண்டிக் தாழ்வுகள் சுற்றிப் போய், மாதம் முழுக்கக் கணிப்பு பொய்யாகிவிடலாம்.

நீண்ட போக்கு மட்டும் தெளிவு. 1979க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது, அதிலும் பேரண்ட்ஸ் கடல் பக்கம் முன்வரிசையில். கரைக்காரர்களுக்கு இதன் பொருள் இதமான நவம்பர் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். முன்பு மைனஸ் 3இல் நின்ற நாட்கள் பூஜ்ஜியத்துக்கு நெருங்கி வந்தால், வழுக்கும் நாட்கள் கூடும். உள்நாட்டுப் பீடபூமியிலும், முன்பு பனியாகவே விழுந்தது மழையாக விழும் சாத்தியம் கூடும்.

முன்னறிவிப்பைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மேகப் படத்தை. 2007இல் வந்த யூர் என்ற வானிலைத் தளத்தைத்தான் நார்வேயில் எல்லாரும் திறக்கிறார்கள், பெயருக்கே தூறல் என்று பொருள். அதில் படத்தை விட்டுவிட்டுக் காற்று அம்பைப் பாருங்கள், பிறகு அடுத்த 24 மணி நேரத்தில் வெப்பநிலைக் கோடு பூஜ்ஜியத்தை எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். ஒரு தடவைகூட இல்லையா, மைனஸ் 8ஆ, நல்ல நாள்.

நவம்பர் கடைசியாகியும் தரையில் பனி நிற்கவில்லையே, பனிச்சறுக்குக்கு வந்தது வீணா என்று கேட்கிறவர்கள் உண்டு. கடல் ஆறி முடிவதே மார்ச், ஏப்ரலில்தான். ட்ரோம்சோவின் பனி ஆழச் சாதனை 240 சென்டிமீட்டர். அது பதிவானது 1997 ஏப்ரல் 29ஆம் தேதி.